மாந்தையில் விட்டதும் மருதமடுவுக்குக் கொண்டுபோனதும்

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலத்தின் கரையோரம் இருக்கிறது மாந்தை. மாதோட்டம் என்று தேவாரத்தில் பாடல் பெற்ற பழந்துறை. போர்த்துக்கேயர் காலத்தில் இங்கே கத்தோலிக்கக் கோயில் ஒன்று எழுந்தது. அதில் ஒரு மாதா சொரூபம் இருந்தது. 1670ஆம் ஆண்டு இருபது குடும்பத்தார் அந்தச் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போய்விட்டார்கள் என்கிறது கோயில் மரபு. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் மருதமடு. இன்று மடு என்றால் இலங்கையில் தெரியாதவர் இல்லை.

வீடு, நிலம், கடல் தொழில், உறவு, மேலே கூரையோடு நின்ற கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போனார்கள். கையில் எடுத்தது ஒரே ஒரு சொரூபம். ஏன் அப்படிப் போக நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

மன்னாரில் கிறிஸ்தவம் இரத்தத்தோடு தொடங்கியது. 1544இல், பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய ஒரு குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்லச் செய்தான். அறுநூறு பேர் என்றும் அதற்கு மேல் என்றும் சொல்வார்கள். அந்த வேதசாட்சிகளின் நினைவு இன்றைக்கும் தோட்டவெளியில் போற்றப்படுகிறது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்ததும் நிலைமை தலைகீழானது. நேற்றுவரை கொல்லப்பட்டவர்களின் மதம் ஆள்வோரின் மதமானது. சைவக் கோயில்கள் இடிபட்டன. மாந்தையின் திருக்கேதீச்சரமும் தப்பவில்லை. அந்தக் காலத்தில் சலுகைக்காகவும் பயத்தாலும் சிலுவை போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். இதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. அரசனின் நிழலில் வளர்ந்த விசுவாசம் எவ்வளவு ஆழமானது என்று அப்போது யாராலும் அளந்து சொல்லியிருக்க முடியாது.

அளக்கும் நாள் 1658இல் வந்தது.

அந்த ஆண்டு ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் அடுத்தடுத்துப் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே, ஆனால் கால்வினின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருமாரை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். குருவுக்கு இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோயில்களில் இருந்த சொரூபங்கள் அகற்றப்பட்டு, அதே கட்டடங்கள் சீர்திருத்தச் சபையின் பிரசங்க மண்டபங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய ஒல்லாந்தப் போதகர் பிலிப்பு பால்தேயு, 1672இல் வெளிவந்த தம் நூலில் இந்தக் கோயில்களைப் பற்றி ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்.

ஒல்லாந்தரின் உண்மையான பிடி வாளில் இல்லை, ஏட்டில் இருந்தது. ஒவ்வொரு பங்கிலும் ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஒரு வாத்தியார். அவர் கையில் ஒரு தோம்பு. பிறந்த பிள்ளையின் ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் அந்தத் தோம்பில் ஏறவேண்டும். ஏறாத கலியாணம் கலியாணமில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் பாத்தியதை கேட்பதும் கடினம். ஒரு விவசாயி தன் காணியைப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டுமானால் தான் நம்பாத ஒரு சபையின் ஏட்டில் பெயர் எழுத வேண்டும். பலர் எழுதினார்கள். பகலில் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியார் முன்னால் நின்றுவிட்டு, இரவில் வீட்டின் உள்ளறையில் செபமாலை சொன்னார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல மனம் வரவில்லை. பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு அதைவிட வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

வேறு சிலர் காட்டைத் தேர்ந்தார்கள். மாந்தைக் குடும்பங்கள் அந்த வகை. அன்றைய வன்னி, வன்னியர் என்ற சிற்றரசர்களின் ஆளுகையில் இருந்த அடர்காடு. அதற்கப்பால் கண்டி அரசு. கோட்டைகளையும் கரையோரத்தையும் வைத்திருந்த ஒல்லாந்தரின் கை அங்கே எளிதில் எட்டாது. யாழ்ப்பாணப் பக்கமிருந்து வெளியேறிய கத்தோலிக்கரும் அந்தக் காட்டுப் பகுதிக்கே வந்து சேர்ந்தார்கள். எலேனா என்ற ஒரு பெண், போர்த்துக்கேயத் தளபதி ஒருவரின் மகள், மருதமடுவில் முதல் கோயிலைக் கட்டினார் என்றும் அவரையே மக்கள் புனித லேனா என்று அழைத்தார்கள் என்றும் கோயில் மரபு சொல்கிறது. பாம்பும் யானையும் காய்ச்சலும் நிறைந்த காடு அது. மடு மண் பாம்புக்கடியைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை அங்கே பிறந்ததில் வியப்பில்லை. இன்றும் மடுவுக்குப் போய் வருகிறவர் ஒரு பிடி மண்ணைச் சிறு பொட்டலமாகக் கட்டி எடுத்துவந்து வீட்டில் வைத்துக்கொள்கிறார்.

குரு இல்லை. திருப்பலி இல்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை. ஒரு கத்தோலிக்கருக்கு இவை மூன்றும் போனால் மிச்சம் என்ன? மிச்சம் இருந்தது மூப்பர். ஊரில் மூத்த, செபம் மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் மற்றவர்களைக் கூட்டி மந்திரம் சொல்லிக் கொடுத்தார். பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினார். சாகிறவர் பக்கத்தில் இருந்து செபித்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இப்படியே போயின. ஒரு தலைமுறை முழுவதும் குருவின் முகத்தைப் பாராமலே வளர்ந்தது. சலுகைக்காக வந்தவர்கள் சலுகை போனதும் போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் விசுவாசத்துக்காக மட்டுமே எஞ்சியவர்கள். போர்த்துக்கேயர் ஒரு நூற்றாண்டு அதிகாரத்தால் செய்ய முடியாததை இந்த முப்பது ஆண்டு வறுமை செய்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

1687இல் யாழ்ப்பாணக் கரையில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். கூலிக்காரர் போல உடை, வெறுங்கால். ஒருவர் கோவாவில் பெனாலிம் ஊரில் 1651இல் பிறந்த குரு, யோசேப் வாஸ். மற்றவர் அவருக்குத் துணையாக வந்த ஜான் என்ற இளைஞர். தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட அவர்களின் கடற்பயணமே பெரும் பாடாகிவிட்டது. வந்து சேர்ந்தபோது வயிற்றுக்கடுப்பால் எழுந்து நிற்கவும் முடியாத நிலை. தொற்றுநோய்க்காரர் என்று ஊரார் ஒதுக்கினார்கள். ஒரு பெண் மட்டும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

கத்தோலிக்கர் யார் என்று எவரிடம் கேட்பது? கேட்டால் கேட்டவருக்கும் ஆபத்து, சொன்னவருக்கும் ஆபத்து. வாஸ் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். பிச்சைக்காரனை எல்லோரும் பார்ப்பார்கள். செபமாலையை அடையாளம் தெரிந்தவர்கள்தான் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்த ஒரு வீட்டார் மெல்லப் பேச்சுக் கொடுத்தார்கள். இவர் யார் என்பதைத் தெரிந்துகொண்டதும் அவரைச் சில்லாலைக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த ஊர் ஒல்லாந்தருக்கு நடுவிலும் கத்தோலிக்கத்தை விடாமல் வைத்திருந்த ஊர். அங்கிருந்து இரவில் ஊர் ஊராகப் போய்த் திருப்பலி நிறைவேற்றினார், விடியுமுன் திரும்பினார்.

1689இல், கிறிஸ்து பிறப்பு விழா இரவில், யாழ்ப்பாணத்தில் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றி வளைத்தார்கள். பலர் சிறைப்பட்டார்கள், அடிபட்டார்கள். வாஸ் அகப்படவில்லை. அதற்குப் பிறகு அவர் புத்தளம் போய், 1692இல் கண்டிக்குள் நுழைந்தார். அங்கே அரண்மனையில் செல்வாக்காக இருந்த லனரோல் என்ற பிரெஞ்சுக்காரர் இவரைப் போர்த்துக்கேய உளவாளி என்று சொல்லிவிட, சிறை. சிறை வளவிலேயே ஒரு குடிசைக் கோயில் போட்டு அந்த ஆண்டின் கிறிஸ்து பிறப்புத் திருப்பலியை நிறைவேற்றினார் வாஸ். கண்டிக் கத்தோலிக்கர் பல ஆண்டுகளுக்குப் பிறகு கண்ட திருப்பலி அது.

1697இல் கண்டியில் அம்மை வந்தது. அம்மை கண்டவர்களைக் காட்டில் கொண்டுபோய் விடுவது அந்நாள் வழக்கம். அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனும் நகரைவிட்டு வெளியேறினான். வாஸும் அவருடைய மருமகன் யோசேப் கர்வாலோவும் பின்வாங்கவில்லை. காட்டில் கிடந்தவர்களுக்குக் குடிசை போட்டார்கள், கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. ஒரு காலத்தில் தம்மைச் சிறையில் வைத்த ஊருக்கு வாஸ் செய்தது இது. இதற்குப் பிறகு அரசனின் பாதுகாப்பு அவருக்கு உறுதியானது. பௌத்த அரசன் ஒருவனின் ஆதரவால்தான் இலங்கையில் கத்தோலிக்கம் மூச்சுவிட்டது. இதை இலங்கைக் கத்தோலிக்கர் மறக்காமல் இருப்பது நல்லது.

1711 ஜனவரி 16 அன்று வாஸ் கண்டியில் இறந்தார். அவருக்குப் பிறகும் கோவாவிலிருந்து ஒரட்டோரியன் சபைக் குருமார் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களில் யாக்கோமே கொன்சால்வெஸ் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். அவர் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றியது. மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்தில் தவக்காலத்தில் அதை இராகமிட்டு ஒப்பாரி போல வாசிப்பார்கள். ஊரில் நல்ல குரல் உள்ளவருக்கு அது பெருமை. கேட்கிறவர்கள் வாய்விட்டு அழுவார்கள். தங்கள் துன்பத்தைச் சொல்ல இடமில்லாதவர்களுக்கு அழுவதற்கு ஓர் இடமும் நேரமும் மொழியும் கிடைத்தன. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வாசிப்பு நின்றுவிடாததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1806இல் ஆளுநர் மெய்ட்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். ஒல்லாந்தர் முறைப்படி நடக்காத அவர்களின் கலியாணங்களும் செல்லும் என்று சட்டம் வந்தது. ஒல்லாந்தரின் தோம்புகளில் பெயர் இருந்த பெருங்கூட்டம் கொஞ்ச காலத்தில் கரைந்துபோனது. கத்தோலிக்கர் கரையவில்லை. 1872இல் ஆயர் பொன்ஜீன் மடுவில் இன்றைய பெரிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1924 ஜூலை 2 அன்று, பாப்பரசரின் பிரதிநிதி முன்னிலையில், மாந்தையிலிருந்து வந்த அந்தச் சொரூபத்துக்கு முடிசூட்டினார்கள். அந்த நாளே ஆடித் திருவிழாவாக நிலைத்தது. இன்னொரு பெருவிழா ஆகஸ்ட் 15. மாட்டுவண்டியில் சட்டி, பானை, அரிசி, பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு நாட்கணக்காகக் காட்டுவழியில் வருவார்கள். மரத்தடியில் கொட்டில் போட்டுத் தங்குவார்கள். சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் சிங்களக் குடும்பங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள். பக்கத்துப் பக்கத்து அடுப்பில் சோறு பொங்கும்.

பிறகு யுத்தம். 1990இலிருந்து மடு மறுபடியும் ஓடி வந்தவர்களின் இடமானது. ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு அங்கே ஒரு நிவாரண முகாமை நடத்தியது. திருவிழாக் கொட்டில்கள் நின்ற மரத்தடிகளில் ஆண்டுக்கணக்காகக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1999 நவம்பர் 20 அன்று கோயில் வளவில் எறிகணைகள் விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் சுமார் 40 பேர் இறந்தார்கள். இராணுவமும் விடுதலைப் புலிகளும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டினார்கள். 2008 ஜனவரி 29 அன்று, மடுவுக்கு அருகே தட்சணாமடுவில் கண்ணிவெடியில் சிக்கிய பேருந்தில் பள்ளிப் பிள்ளைகள் பலர் மாண்டார்கள்.

அந்த ஏப்ரலில் சண்டை கோயிலையே நெருங்கியது. குருமார் 1670இல் மாந்தைக்காரர்கள் செய்ததையே செய்தார்கள்: கட்டடத்தை விட்டுவிட்டுச் சொரூபத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். இம்முறை காட்டுக்கு இல்லை, கடற்கரையிலுள்ள தேவன்பிட்டிக்கு. ஆகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது. 2015 ஜனவரி 14 காலையில் கொழும்பு காலிமுகத்திடலில் யோசேப் வாஸைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கு வந்து தமிழரையும் சிங்களவரையும் ஒன்றாகச் சந்தித்தார்.

விட்டுவிட்டுப் போகத் தெரிந்த மக்கள் இவர்கள். ஊரை விட்டார்கள், கோயிலை விட்டார்கள், சலுகையை விட்டார்கள். வாஸ் தம்மைச் சிறையிட்ட ஊர் மீது வன்மத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றை இறக்கிவைக்கச் சொன்னபோது மறுத்தார்கள். யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியில் இருந்தவர்கள் எங்கே என்ற கேள்வி அது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் போனார். அரச அதிகாரிகளின் கணக்குகளையே ஒப்பிட்டு, 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று எழுத்தில் கேட்டார். மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற ஒரு குரு இப்படிக் கணக்குக் கேட்கலாமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். பகையை விடுவது வேறு, பிள்ளையைத் தேடுவதை விடுவது வேறு என்பது அவருடைய மக்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் 2021 ஏப்ரல் 1 அன்று இறந்தார். காணாமல் போனவர்களின் தாய்மார் அந்தக் கேள்வியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை.