ஒருசந்தி: தமிழ்க் கிறிஸ்தவர் நோன்பு வந்த வழி

சைனர் வீட்டில் பிறந்தவனுக்குக் கிறிஸ்தவர் நோன்பைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அன்பர்கள் கேட்கலாம். ஒரு சொல்தான் என்னை இதற்குள் இழுத்தது. குஷாய்குடா, இ.சி.ஐ.எல். பக்கம் வாழும் நம் தமிழ்க் கத்தோலிக்கப் பெரியவர்கள், சாம்பல் புதன் வந்தால் "இன்னைக்கு ஒருசந்தி" என்பார்கள். இறைச்சி விலக்கிய நாள் அவர்களுக்குச் "சுத்தபோசனம்". இவற்றில் ஒன்றாவது ரோமாபுரியிலிருந்து கப்பலேறி வந்த சொல்லா? இல்லை. நாளுக்கு ஒரே வேளை உண்பது ஒருசந்தி. எங்கள் சமயத்தில் அதையே ஏகாசனம் என்போம். இங்குள்ள தெலுங்கர் ஒக்கபொத்து என்பர். சொல் மூன்று, இலை ஒன்றுதான்.

இப்போது இளையவர்கள் சிலர், இவையெல்லாம் பிற சமயத்துச் சொற்கள், நமக்கு வேண்டாம் என்கிறார்கள். விடுவதானால் விடட்டும். எதை விடுகிறோம் என்று தெரிந்துகொண்டு விட்டால் நல்லது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

தமிழ் நாட்டில் உண்ணாநோன்புக்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் உள்ள பழைய கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் சைன ஆசிரியர் 57 நாள் அனசனம் நோற்று உயிர் நீத்ததைச் சொல்கிறது. அது துறவியின் இறுதி நோன்பு. இல்லறத்தாருக்கு அஷ்டமி, சதுர்த்தசி உபவாசமும் இரவு உண்ணாமையும் போதும். துறவி என்று ஒருவர் வந்து நின்றால், அவர் என்ன சொல்கிறார் என்பதற்கு முன் என்ன சாப்பிடுகிறார் என்று பார்க்கிற ஊர் நம் ஊர்.

இதைப் புரிந்துகொண்டவர் ராபர்ட் தெ நொபிலி. 1577-இல் இத்தாலியில் பிறந்து, 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு. அங்கியைக் களைந்து காவி உடுத்தினார். இறைச்சியை விட்டார். சோறு, காய்கறி, பால் என்று நாளுக்கு ஒரு வேளை உணவோடு நின்றார். மதுரையில் அவருக்கு முன்பே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் மூத்த குருவே இதை எதிர்த்துப் புகார் எழுதினார். வழக்கு 1619-இல் கோவாவில் கூடிய சபை வரை போய், கடைசியில் ரோமாபுரிக்கே சென்றது. 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி, பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்தார். நொபிலியின் சாதிப் பாகுபாடு எனக்கு உடன்பாடில்லை, அது வேறு கதை. ஆனால் அந்த ஒருவேளைச் சோற்றை அவர் வேஷமாகச் சாப்பிட்டார் என்று நான் நம்பவில்லை. ஐம்பது வருஷம் யாராலும் வேஷம் போட முடியாது. 1656-இல் மயிலாப்பூரில் இறந்தார்.

கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களைப் பாருங்கள். ஈஸ்டருக்கு முன் ஐம்பது நோன்பு, கிறிஸ்துமஸுக்கு முன் இருபத்தைந்து நோன்பு, செப்டம்பர் 1 முதல் எட்டு நோன்பு. நோன்பு என்ற நம் பழஞ்சொல் அங்கே சற்றே உருமாறி இன்றும் வழங்குகிறது. முஸ்லிம்களுக்கும் அதே சொல்தான். பொறுத்தல் என்னும் பொருளுள்ள நோல் என்ற வேரிலிருந்து பிறந்தது, எந்தச் சமயத்துக்கும் தனிச்சொத்து இல்லை.

நாற்பது நாள் கணக்கும் பழையது. கி.பி. 325-இல் கூடிய நிசேயா சங்கத்தின் 5-ஆம் விதியிலேயே அந்த நாற்பது பேசப்படுகிறது. சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை எண்ணினால் 46 வரும். ஞாயிறு ஆறும் உயிர்ப்பின் நாட்கள், அவற்றில் நோன்பு இல்லை. கழித்தால் 40. இதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு!

கத்தோலிக்கச் சட்டம் காலப்போக்கில் தளர்ந்தது. நற்கருணை வாங்குமுன் நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் கூடாது என்றிருந்தது. 1953-இல் தண்ணீருக்கு அனுமதி வந்தது. 1957-இல் மூன்று மணி நேரம், 1964-இல் ஒரு மணி நேரம் என்று குறைந்தது. 1966-இல் போப் ஆறாம் பவுல் நோன்பு நாட்களையும் சுருக்கினார். இன்று கட்டாய ஒருசந்தி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான். அன்று முழுச் சாப்பாடு ஒன்று. மற்ற இரு வேளை கொஞ்சம் உண்ணலாம், இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாடு ஆகிவிடக் கூடாது.

சீர்திருத்தச் சபையாருக்கு லெந்து உண்டு. அந்த லெந்தை அறிந்த திருநெல்வேலித் தமிழர்கள் நம் தெலங்கானாவுக்கே வந்தார்கள். 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் நிஜாம் நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பியது. வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா 1912-இல் அங்கே பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் அவர்தான். இங்கே குடியேறிய நமக்கு அவரை அவ்வளவாகத் தெரியாதது வருத்தம்தான். பெந்தெகொஸ்தே சபைகளில் காலண்டர் நோன்பைவிட உபவாச ஜெபக் கூட்டத்துக்கே முதலிடம்.

எங்கள் உபவாசத்துக்கும் அவர்களுடையதற்கும் வேற்றுமை உண்டு, மறைக்க வேண்டாம். எங்களுக்குத் தவம் வினையை உதிர்ப்பது. அவர்களுக்கு நோன்பு தனியே நிற்காது. மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் தர்மம், ஜெபம், நோன்பு மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. நோன்பிருப்பவன் முகம் வாடித் திரியாமல், தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவ வேண்டும் என்பது இயேசுவின் கருத்து. விரத நாளில் எண்ணெய் ஆகாது என்பது நம் வழக்கம். அவர் அதற்கு நேர் எதிராகச் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக.

நடைமுறைக்கு வருவோம். மளிகைக் கடைக்காரன், கல்லாவிலிருந்து சொல்கிறேன். தவக்காலத்தில் மிச்சமாகும் பணம் உண்டியலுக்குப் போகாமல் விசேஷ சைவப் பலகாரத்துக்குப் போனால் அது நோன்புக் கணக்கில் சேராது. சமைக்காத நேரம் ஜெபத்துக்கு. அந்த ஒரு மணி நேரத்தில் டிவியைப் போட்டுவிட்டால் வெறும் பட்டினிதான். எங்கள் போஷத உபவாசத்தில் முந்தின நாளும் மறுநாளும் ஒருவேளை உணவு உண்டு. உடம்பை மெல்ல இறக்கி மெல்ல ஏற்றுகிற முறை அது. முதன்முதலில் இருப்பவர்கள் ஒரு வேளையை மட்டும் விட்டுப் பார்க்கலாம். எங்கள் பெரியவர்கள் வெந்நீர் குடித்துக்கொண்டு இருப்பார்கள், அது நல்லது. முடிக்கும்போது கஞ்சி, பிரியாணி வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் இருக்கவே கூடாது. இவர்கள் ஒரு பிடித்த பொருளை விட்டாலும் நோன்புதான் என்று குருமார்களே சொல்கிறார்கள்.

1983 திருச்சபைச் சட்டப்படி 18 வயது நிறைந்தவருக்கே ஒருசந்திக் கட்டாயம், 59 முடிந்தவருக்கு இல்லை. இதை எங்கள் தெருக் கிறிஸ்தவப் பாட்டிகளிடம் எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குப்பா" என்று சொல்லிவிட்டு, நாற்பது நாளைக்கும் சேர்த்துப் பயறு வாங்கிக்கொண்டு போனார்கள்.