லூக்காஸ் கண்ட பகா எண்

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11 ஆகியவை அத்தகையவை. இவற்றுக்கு முடிவில்லை என்பதைச் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் யூக்ளிட் நிறுவிவிட்டார். ஆயினும், கண்முன் நிற்கும் ஒரு பேரெண் பகா எண்தானா என்று துணிவது எங்ஙனம்?

இரண்டைப் பலமுறை பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் சிற்சில வேளைகளில் பகா எண் கிடைக்கும். ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32. ஒன்றைக் கழிக்க 31. இவ்வாறு பகா எண் தரும் அடுக்குகள் எவையென 257 வரையில் ஒரு பட்டியலை, பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 67, 127, 257 ஆகியவை அதில் இருந்தன. அவர் சான்று எதுவும் தரவில்லை.

127 என்னும் அடுக்குக்குரிய எண் 39 இலக்கங்கள் கொண்டது: 170141183460469231731687303715884105727. இதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் மட்டும், நொடிக்கு ஒன்றாக வகுத்துப் பார்ப்பினும், 900 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். ஆனால் 1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்வார்டு லூக்காஸ் அது பகா எண்ணே என்று காட்டினார்.

அவர் வகுத்த நெறியை 1930-களில் அமெரிக்கரான லெமர் செப்பனிட்டார். அதனை 31-ஐக் கொண்டே நாம் சோதித்துப் பார்க்கலாம். 4-இல் தொடங்குவோம். அதன் வர்க்கத்தில் இரண்டைக் கழித்தால் 14. மீண்டும் அவ்வாறே செய்ய 194. அதனை 31-ஆல் வகுக்க மீதி 8. எட்டின் வர்க்கம் 64. இரண்டு போக 62. அது 31-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. ஆகவே 31 பகா எண். அடுக்கு ஐந்துக்கு மூன்று படிகள். 127-க்கு 125 படிகளே போதும்.

இந்நெறியின் வியப்பு மற்றொன்று. 67-ஆம் அடுக்குக்குரிய எண் பகா எண் அன்று என்றும் லூக்காஸ் கண்டார். ஆனால் அதன் காரணிகள் அவருக்குத் தெரியவில்லை. 193,707,721, 761,838,257,287 என்னும் அவ்விரு காரணிகளை 1903-இல்தான் அமெரிக்கப் பேராசிரியர் கோல் வெளியிட்டார். 257-உம் பிழையே. 61, 89, 107 ஆகியவற்றையோ மெர்சென் விட்டுவிட்டார்.

லூக்காஸின் எண் 75 ஆண்டுகள், அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியதாக விளங்கியது. 1951-இல் கணக்கீட்டுப் பொறிகள் அதனை முந்தின. 2024-இல் கண்டறியப்பட்ட ஒரு பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள்! அதற்கும் துணைநின்றது லூக்காஸின் நெறியே.

எனினும் அந்நெறி மெர்சென் வகை எண்களுக்கே உரியது. எந்த எண்ணாயினும், இலக்கங்கள் பெருகும்போது உழைப்பு கட்டுக்கடங்காது பெருகாமல், ஐயமற முடிவு கூறும் பொதுநெறி உண்டா என்பது நெடுநாள் விடையின்றி நின்ற வினா. உண்டென 2002-ஆம் ஆண்டில் நிறுவியவர்கள் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர். மெர்சென் சான்றின்றி விட்டுச்சென்ற பட்டியலால் கூர்மைபெற்ற ஆராய்ச்சி, நம் நாட்டில் இங்ஙனம் ஒரு பெரும் விடையைக் கண்டது.