துரை ஜீப்பும் கோஸ் ஜீப்பும்

"உடம்பப் பாக்காத தம்பி, எலும்பத் தட்டிப் பாரு" என்று சொல்லி ஒரு சின்னச் சுத்தியலைக் கையில் கொடுத்தார் வண்டிக்காரர். கேமரன் மலையில் கம்போங் ராஜாவுக்கு மேலே, பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம். விற்கிறவரே குறையைக் கண்டுபிடிக்கச் சொல்லிச் சுத்தியல் தருவதை வேறு எந்த வியாபாரத்திலும் நான் பார்த்ததில்லை.

வண்டி 1970களின் லேண்ட் ரோவர், சீரிஸ் 3. ஐம்பது வருடம் மழையில் நின்றும் கதவிலோ மட்காட்டிலோ ஒரு பொட்டுத் துரு கிடையாது. நெளிசல்கள்தான். குனிந்து அடியில் சேஸைத் தட்டினேன். நல்ல இரும்பு மணிபோல் பதில் சொல்லும். உள்ளே அரித்த இரும்பு ஈரமண்ணைத் தட்டியதுபோல் சும்மா இருக்கும். பின்பக்கக் குறுக்கு இரும்பில் மூன்றாவது தட்டில் சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. "அங்க மட்டுந்தான்" என்றார் அவர், அலட்டிக்கொள்ளாமல்.

பழைய லேண்ட் ரோவர் வாங்கப்போய் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மேலே இருப்பது அலுமினியக் கலவை, துருப்பிடிக்காது. கீழே இருப்பது எஃகுப் பெட்டிச் சட்டம். சேறும் தண்ணீரும் அதற்குள் புகுந்து தங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து தின்னும். கால் வைக்கும் இடத்துக்கு முன்னால் நிற்கும் தடுப்புச்சுவரும் எஃகுதான். பளபளப்பான பச்சை பெயிண்டைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிட்டு, புஸ்பாகோம் பரிசோதனையில் நின்று அழுதவர்கள் உண்டு.

இந்த விசித்திரமான உடலுக்குக் காரணம் ஒரு செக்கன்ஹேண்ட் வண்டி. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ரோவர் கம்பெனியின் மோரிஸ் வில்க்ஸ், இராணுவம் கழித்துப்போட்ட பழைய அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றைத் தன் பண்ணையில் ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்து போகும் நிலைக்கு வந்தபோது அதற்குப் பதிலாக வாங்க பிரிட்டனில் வேறு வண்டி இல்லை. 1947இல் வேல்ஸின் ஆங்கிள்சி தீவுக் கடற்கரையில் மணலில் அவர் புது வண்டியின் வடிவத்தைக் கோடு போட்டுக் காட்டினார் என்பது கம்பெனிக்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை. கதை எப்படியோ, முதல் மாதிரி வண்டி ஒரு ஜீப்பின் சட்டத்தின்மேல்தான் கட்டப்பட்டது. நம் ஆட்கள் இன்றும் லேண்ட் ரோவரை 'ஜீப்பு' என்றே சொல்வதில் தப்பொன்றும் இல்லை.

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. ஏற்றுமதி செய்கிறவர்களுக்கே எஃகு ஒதுக்கீடு. அலுமினியம் கிடைத்தது. அதனால் உடல் அலுமினியம். போர் விமானங்களுக்காக வாங்கி மிஞ்சிய பச்சை பெயிண்ட் கிடைத்தது. அதனால் நிறம் பச்சை. 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளியானபோது அது ஒரு விவசாயி வண்டி. எஞ்சினிலிருந்து விசையை வெளியே எடுத்து அறுவை இயந்திரம் ஓட்டலாம், ஏர் இழுக்கலாம். இரண்டு மூன்று வருடம் ஓட்டி, டாலர் சம்பாதித்துவிட்டு நிறுத்திவிடலாம் என்பதுதான் கணக்கு. கடைசி டிஃபெண்டர் தொழிற்சாலையைவிட்டு வெளியேறியது 2016 ஜனவரி 29இல்!

அதே டாலர் தேவைதான் இந்தப் பக்கமும். ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கு அதிக டாலர் ஈட்டிக்கொடுத்த காலனி மலாயா. ஈட்டியது ரப்பரும் ஈயமும். பாலெடுத்தவர்களில் பெரும்பகுதி நம் பாட்டன் பாட்டிகள். ஆம்ஸ்டர்டாம் கண்காட்சி நடந்து ஏழு வாரத்துக்குள் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18இல் நாடு முழுக்க அவசரகாலம். 1949இலிருந்து பிரிட்டிஷ் இராணுவம் லேண்ட் ரோவரை வாங்கத் தொடங்கியது. விவசாயிக்காகச் செய்த வண்டி நம் மண்ணுக்குப் பெரும் எண்ணிக்கையில் வந்து சேர்ந்தது போலீஸோடும் இராணுவத்தோடும்தான்.

1951 அக்டோபர் 6இல் பிரேசர் மலைப் பாதையில் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி கொல்லப்பட்டபோது அவர் இருந்தது ரோல்ஸ் ராய்ஸில். முன்னால் போலீஸ்காரர்களோடு போனது ஒரு லேண்ட் ரோவர். வரலாற்றுப் புத்தகங்களில் ரோல்ஸ் ராய்ஸ் நிறையப் பேசப்படுகிறது. முன்னால் போன வண்டியில் இருந்த மலாய்ப் போலீஸ்காரர்களைப் பற்றி அரை வரி இருந்தால் அதிகம்.

புதுக்கிராமங்களுக்குள் சுமார் 5 லட்சம் பேர் அடைக்கப்பட்டார்கள், பெரும்பாலும் சீனர்கள். நம் வீடுகளில் குறைவாகப் பேசப்படுவது இன்னொன்று. தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரப்பட்டு முள்கம்பி போடப்பட்டன. விடியற்காலையில் கேட்டில் சோதனை. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று பல இடங்களில் பால்மரத்துக்குச் சோறு கொண்டுபோகத் தடை. கடையில் தகரடப்பா வாங்கினால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், சேர்த்துவைக்க முடியாதபடி. அம்மாச்சி கடைசிவரை டப்பா மீன் சாப்பிட்டதில்லை. காரணம் கேட்டால், "ஓட்ட போட்ட மீனு" என்பார். அந்தக் கேட்டுக்கு வெளியே நின்ற வண்டிகளை அவர் சொன்னதும் 'பச்ச ஜீப்பு' என்றுதான்.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. ஜீப்பு போகவில்லை, துரையிடம் தங்கிவிட்டது.

என் மாமா, அம்மாவின் அண்ணன், பேராக்கில் ஒரு தோட்டத்தில் துரைக்கு டிரைவர். 1974இல் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது வெள்ளைக்காரத் துரை போய் நம்மூர்த் துரை வந்திருந்தார். உட்காரும் முறை மட்டும் மாறவில்லை. வலதுபக்கம் மாமா. இடதுபக்கம் துரை. பின்னால் எதிரெதிர் பலகையில் கிராணியோ தண்டலோ. வெட்டுப்பட்டவர்கள், பிரசவ வலி கண்டவர்கள் என்று ஆஸ்பத்திரிக்கு அவசரம் என்றால்தான் தொழிலாளி அதில் ஏறுவார், அதுவும் பின்னால். என் அக்காவே அந்தப் பலகையில் பிறந்திருக்க வேண்டியது, அரைமணி நேரத்தில் தப்பித்தாள்.

மாமாவுக்கு அந்த வண்டி அத்துப்படி. மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்புக் கம்பியை, வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் இழுத்தால் மலையேறும் கியர். முன் அச்சில் பந்துபோல் இருக்கும் பாகத்தில் எண்ணெய் கசிவதைப் பார்த்தே எத்தனை மாதம் தாங்கும் என்பார். தோட்டத்தின் ஒவ்வொரு வாய்க்காலும் அவருக்கு எந்தக் கியர் என்றுதான் ஞாபகம்.

1980களில் தோட்டம் கைமாறியது. வண்டி டெண்டருக்கு வந்தது. மாமா தன் சேமிப்போடு அத்தையின் தாலிக்கொடியையும் அடகுவைத்து ஒரு தொகை எழுதிப் போட்டார். டெண்டரைப் பிரிக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலமே ஒரு மரக்காண்டிராக்டர் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். "சாவிய நாந்தான் எடுத்துக் குடுத்தேன்" என்று மாமா இப்போதும் சொல்வார். அதற்குமேல் சொல்லமாட்டார். அந்தப் பெரிய ஆபீஸ் இன்று வேறு பெயரில் இருக்கிறது.

இந்த நாட்டின் பழைய ஜீப்புகள் இரண்டாம் கைக்கு வந்த வழிகளில் முக்கியமானவை இவைதான்: தோட்ட டெண்டர், அரசாங்க டெண்டர், இராணுவம் கழித்துவிட்டவை. இராணுவ வண்டிகளின் எண் இசட் எழுத்தில் தொடங்கும். கழித்துவிட்ட பிறகுதான் சாதாரண எண் கிடைக்கும். ஆகவே நம்பர் பிளேட்டை வைத்து இப்படிப்பட்ட வண்டியின் வயதைச் சொல்லமுடியாது. வயதைச் சேஸ் எண்ணில்தான் தேடவேண்டும். முன்பக்கம் வலது ஸ்பிரிங்கைத் தாங்கும் இரும்பில் அடித்திருப்பார்கள். அந்த இடத்தில் புதுசாக வெல்டிங்கோ, ரொம்பக் கெட்டியான பெயிண்டோ இருந்தால் பேசாமல் திரும்பிவிடுவது நல்லது. இரண்டு மூன்று வண்டிகளைச் சேர்த்து ஒன்றாக்குவது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

அப்படி வெளியே வந்தவற்றில் ஏராளமானவை போய்ச் சேர்ந்த இடம் கேமரன் மலை. தாப்பாவிலிருந்து ஏறும் சாலை 1930களின் தொடக்கத்தில் வந்தது. போ தேயிலைத் தோட்டம் அதற்கும் முன்பே, 1929இல் தொடங்கிவிட்டது. பிறகு சரிவுகளில் காய்கறி. சீனர்கள் அதிகம், தேயிலைத் தோட்டத்தைவிட்டு வெளியே வந்து நிலம் திருத்திய தமிழர்களும் உண்டு. சாலையிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் செம்மண் பாதை மழையில் சோப்புக்கட்டி. லோரி இறங்காது. குறைந்த விலையில், நான்கு சக்கரமும் இழுக்கிற, எந்தப் போமனும் ஸ்பேனரோடு பிரிக்கக்கூடிய வண்டி வேண்டும். கூரையை அறுத்து, பின்னால் கம்பிக்கூண்டு கட்டி, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி ஜப்பான் டீசல் எஞ்சினை உட்கார வைத்தார்கள். வில்க்ஸ் நினைத்த விவசாயி வண்டி, முப்பது நாற்பது வருடம் சுற்றிவிட்டு ஒருவழியாக விவசாயியிடம் வந்தது. அதில் சிலவாவது, கேட்டுக்கு வெளியே துப்பாக்கியோடு நின்ற இராணுவத்தில் வேலைபார்த்தவையாக இருக்கும். அடைக்கப்பட்டவர்களின் பேரன் அதில் கோஸ் ஏற்றுகிறான்.

இதில் சுற்றுலாக்காரர்களின் மயக்கம் எனக்கில்லை. பல வண்டிகளின் பிரேக்கை நினைத்தால் வயிற்றைக் கலக்கும். அளவுக்குமேல் ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் இறக்கத்தில் பின்னால் வருகிறவர்களும் மனிதர்கள்தான்.

பழைய லேண்ட் ரோவர் என்றதும் பலருக்கு நினைவு வருவது வேறொரு வண்டி. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் லண்டனிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர்களில் கிளம்பி 1956 மார்ச்சில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். பாலிங் பேச்சுவார்த்தை தோற்று மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. அவர்கள் மலாயாவைக் கடந்தபோது நம் லயங்களைச் சுற்றி முள்கம்பி இருந்தது. அவர்களில் ஒருவரான டிம் ஸ்லெசர் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். 'ஆக்ஸ்ஃபோர்டு' என்று பெயரிட்ட வண்டி பிற்பாடு கைமாறி, அட்லாண்டிக் நடுவே செயின்ட் ஹெலீனா தீவில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை வாங்கிப் பழுதுபார்த்து, 2019 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து திரும்ப லண்டனுக்கே ஓட்டிப்போனார்கள். அழகான காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டி மீட்கப்பட்டதற்குக் காரணம், அதில் போனவர்கள் நாட்குறிப்பும் படமும் புத்தகமும் வைத்திருந்தார்கள். மாமா பதினோரு வருடம் ஓட்டிய வண்டியின் எண்கூட எங்கள் வீட்டில் எழுதி வைக்கப்படவில்லை. அவர் மனசில் இருப்பது நான்கு இலக்கத்தில் மூன்று.

கம்போங் ராஜா வண்டிக்கு வருகிறேன். அது மாமா ஓட்டிய வண்டி அல்ல. அப்படி இருந்தால் இதைக் கதையாக எழுதியிருப்பேன். கேட்ட விலை பதினெட்டாயிரம் வெள்ளி. பழைய கிராண்டில் பெட்ரோல், 2286 சிசி என்று இருந்தது. பானட்டைத் திறந்தால் இசுசு டீசல்.

"அண்ணே, இது கிராண்ட்ல ஏறலையே?"

"நான் வாங்குறப்பவே அப்படித்தான் தம்பி. தோட்டத்துக்குள்ளயே ஓடுச்சு, யாரு கேட்டா?"

எஞ்சின் மாற்றத்தை ஜே.பி.ஜே. அங்கீகரித்துப் பதிவில் ஏற்றாமல் உரிமையாளர் பெயரை மாற்றப்போனால், பரிசோதனையில் எண்ணைப் பார்த்தவுடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முன்பணம் ஐந்நூறு மட்டும் கொடுத்தேன். அவர் பெயரில் எஞ்சினைச் சரிசெய்த பிறகுதான் மீதி, குறுக்கு இரும்பு வெல்டிங் செலவு கழித்து. வாய்ப்பேச்சு வேண்டாம் என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, டீ போட்டுக்கொடுத்தார்.

இரண்டாவது முறை மாமாவையும் அழைத்துப் போனேன். மலைவளைவில் இரண்டுமுறை நிறுத்த வேண்டியிருந்தது, வயசு எழுபத்தெட்டு. சுத்தியலைக் கேட்டு வாங்கவில்லை, காலால் சேஸை உதைத்துப் பார்த்தார். ஏறி ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தவர், மஞ்சள் குமிழைத் தொட்டார், சிவப்புக் கம்பியை இழுத்துப் பார்த்தார். பிறகு இடதுபக்கம் திரும்பினார். அங்கே நாற்காலி இல்லை, வெறும் தகரம்.

"இந்த சீட்டு எங்கப்பா?"

"கோஸ் கூடை வைக்க எடமில்லன்னு கழட்டிட்டேன் மாமா, ஸ்டோர்ல கெடக்கு. வேணும்னா மாட்டித் தாரேன்" என்றார் வண்டிக்காரர்.

மாமா கொஞ்சநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கெடக்கட்டும்" என்றார்.

புஸ்பாகோம் தேதி அடுத்த மாதம் பதினேழாம் தேதி கிடைத்திருக்கிறது.