என்ஜின் விடும் மூச்சு

மயிலாப்பூர் மாடவீதிகளில் ஒரு காலத்தில், பழைய அம்பாசடர் நின்ற இடம் கருத்திருக்கும். பாதிப் பழி கேஸ்கெட்டுக்கு. மீதி, என்ஜினிலிருந்து தரையைப் பார்த்துத் தொங்கிய ஒரு குழாய்க்கு. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயு கிராங்க்கேஸில் சேரும். வெளியே விடாவிட்டால் ஆயில் சீல் பிதுங்கிவிடும். வண்டி ஓடும் வேகக் காற்று அதை உறிஞ்சித் தெருவில் விட்டது. யார் மூக்கில் போனால் என்ன!

லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட், எரியாத ஹைட்ரோகார்பனுக்கும் வெயிலுக்கும் அதில் பங்குண்டு என்று 1950களில் காட்டினார். கலிஃபோர்னியாவில் 1961 மாடல் கார்களில் பிசிவி வால்வு வந்தது. வாயு மேனிஃபோல்டுக்கே திரும்பி எரிந்தது.

டர்போவில்தான் சிக்கல். பூஸ்ட் ஏறினால் மேனிஃபோல்டில் வெற்றிடம் போய் அழுத்தம் வந்துவிடும். காற்று கிராங்க்கேஸுக்குள் பாயும். அதனால் ஒருவழி வால்வு, டர்போவுக்கு முன்னால் இன்னொரு குழாய். அதில் வரும் ஆயில் இன்டர்கூலரில் படியாமலிருக்க நடுவே கேட்ச் கேன்.

சிலர் குட்டி ஃபில்டர் மாட்டித் திறந்தே விட்டுடறாங்க. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில், கேனோடு, சரி. தி.நகர் சிக்னலில் அது அந்தப் பழைய குழாயேதான். பின்னால் ஸ்கூட்டரில் குழந்தை உட்கார்ந்திருக்கு. கேனிலிருந்து டர்போ இன்டேக்குக்குத் திருப்பிவிட இரண்டு முழம் ஹோஸ் போதும்.