இரு கல்வெட்டுகளும் ஒரு திருத்தமும்: உத்தரமேரூர்ச் சபையின் நிர்வாக ஒழுங்கு (கி.பி. 919–921)

முன்னுரை

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் இரு கல்வெட்டுகள் குடவோலை முறை பற்றிய ஆய்வுகளுக்கு முதன்மைச் சான்றுகளாகும். இவற்றை வெங்கையா 1904–05ஆம் ஆண்டுக்குரிய இந்தியத் தொல்லியல் துறை அறிக்கையில் விளக்கினார். பின்னர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர் ஆட்சியியல் பற்றிய தம் ஆய்வில் விரிவாக ஆராய்ந்தார். எனினும் பாடநூல்களும் பொதுமேடைகளும் இவ்விரண்டையும் ஒரே ஆவணமாகக் கருதி, பழந்தமிழரின் மக்களாட்சிக்குச் சான்றாக எடுத்துக்காட்டுகின்றன. முதல் கல்வெட்டு பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (919), இரண்டாவது 14ஆம் ஆட்சியாண்டிலும் (921) பொறிக்கப்பட்டன. தான் வகுத்த விதிகளைச் சபை இரண்டே ஆண்டுகளில் திருத்தி எழுதியது என்பதே இங்குக் கவனத்திற்குரியது. அத்திருத்தத்தின் தன்மையையும், ஓர் அமைப்பை நல்ல முறையில் நடத்துவது பற்றி அது உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சபையின் சூழல்

உத்தரமேரூர் பல்லவர் காலத்திலேயே சிறந்து விளங்கிய பிரமதேயம். சபையும் ஏரி வாரியமும் அக்காலக் கல்வெட்டுகளிலேயே குறிக்கப்படுவதால், வாரியங்களைச் சோழரின் கண்டுபிடிப்பாகக் கொள்ள இயலாது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழன் அபராசித பல்லவனை வென்றதைத் தொடர்ந்து தொண்டை மண்டலம் சோழர் ஆட்சிக்குள் வந்தது. அரச மரபு மாறிய ஒரு தலைமுறைக்குள் எழுந்தவை இக்கல்வெட்டுகள்.

சபையின் பணிகளும் எளியவை அல்ல. ஊர் 30 குடும்புகளாகவும் 12 சேரிகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. ஆண்டு வாரியம் (சம்வத்சர வாரியம்), தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவை தனித்தனிப் பொறுப்புகளை ஏற்றிருந்தன. பஞ்சவாரம் என்னும் சொல்லின் பொருள் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீர், நிலம், பொன் ஆகிய மூன்றும் ஊரின் வாழ்வாதாரங்கள் ஆதலின், அவற்றைக் கையாள்வோர் தவறினால் ஊர் முழுவதும் பாதிக்கப்படும்.

திருத்தத்தின் கூறுகள்

முதலாவது வேறுபாடு வயது வரம்பில் உள்ளது. முதல் கல்வெட்டு 30க்கு மேல் 60க்குக் கீழ் என வரையறுக்க, இரண்டாவது அதனை 35க்கு மேல் 70க்குக் கீழ் என மாற்றியது. இளையோரைச் சற்றே விலக்கி, முதியோருக்குக் கூடுதல் இடமளித்த மாற்றம் இது.

இரண்டாவது, தேர்வு நடைமுறை. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு இதனைப் படிப்படியாக விதிக்கிறது. நம்பிமார் அனைவரும் சபையில் அமர்ந்திருக்க, அவர்களுள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணுமாறு உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஏதுமறியாச் சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை வாங்கிப் படிக்க வேண்டும். பின்னர் நம்பிமார் அனைவரும் அப்பெயரைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு படியும் ஒரு குறிப்பிட்ட முறைகேட்டுக்கு இடமளிக்காதவாறு அமைந்துள்ளது.

மூன்றாவது, கணக்குப் பொறுப்பு. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியிழப்பர். அவர்தம் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன் முதலிய உறவினரும் விலக்கப்படுவர். கணக்கெழுதுவோன் தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்படைக்க வேண்டும். அவனுக்காக வேறொருவர் கணக்கை முடித்தல் கூடாது. அவன் குற்றமற்றவன் என ஏற்கப்படும்வரை மீண்டும் அப்பணியில் அமர முடியாது.

திருத்தத்திற்கான காரணத்தைக் கல்வெட்டு நேரடியாக விவரிக்கவில்லை. தீயோர் அழிந்து நல்லோர் வளரவேண்டும் என்னும் நோக்கத்தை மட்டும் குறிக்கிறது. ஆயினும் நுணுக்கமாக்கப்பட்ட விதிகள் அனைத்தும் தேர்வின் தூய்மையையும் கணக்கையும் சார்ந்தவை என்பதால், இடைப்பட்ட காலத்தில் இவற்றில் குறைபாடு உணரப்பட்டிருக்க வேண்டும் எனக் கருதலாம்.

சுழற்சியும் அனுபவமும்

மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் தேர்வு பெற இயலாது. பதவிக்காலம் 360 நாள்கள் மட்டுமே. குற்றம் கண்டவிடத்து உடனே நீக்கம் உண்டு. அதிகாரம் சிலர் கையில் தங்காமல் தடுக்கும் இவ்விதிகள், பொறுப்பில் தேர்ந்தவரை ஆண்டுதோறும் இழக்கும் இடரையும் உடையவை. இரண்டாவது கல்வெட்டு இதற்கும் வழி காண்கிறது. தேர்வான 30 பேருள், முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர், கல்வியில் முதிர்ந்தவர், வயதில் மூத்தவர் ஆகியோர் 12 பேர் கொண்ட ஆண்டு வாரியத்திற்கு எடுக்கப்படுவர். எஞ்சியோருள் 12 பேர் தோட்ட வாரியத்திற்கும் 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமர்வர். இதனால் தோட்ட, ஏரி வாரியங்கள் பயிற்சிக் களங்களாகவும் விளங்கின. பொன், பஞ்சவார வாரியங்களுக்கோ, ஓராண்டு இடம்பெற்ற குடும்புகள் அடுத்த ஆண்டில் விலக்கப்பட்டன.

வரம்புகள்

குடவோலை என்பது வாக்களிப்பு அன்று. தகுதி பெற்றோரிடையே திருவுளச்சீட்டு எடுத்தல். கால்வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை தகுதிகள். அரைக்கால் வேலி நிலமே உடையவர், ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவராயின் ஏற்கப்பட்டார். உழுகுடிகளும் கைவினைஞரும் பெண்களும் இதற்கு அப்பாற்பட்டோர். மேலும், முதல் கல்வெட்டில் தத்தனூர் மூவேந்தவேளானும் இரண்டாவதில் சோமாசிப்பெருமானும் அரசாணையுடன் உடனிருந்தமை பதிவாகியுள்ளது. எனவே இதனை முழுமையான தன்னாட்சி என்றோ, இன்றைய பொருளில் மக்களாட்சி என்றோ கொள்வது சான்றுக்கு மிஞ்சிய கூற்றாகும்.

முடிவுரை

949ஆம் ஆண்டுத் தக்கோலப் போருக்குப் பின் தொண்டை மண்டலம் இராட்டிரகூடர் வசமாயிற்று. கன்னரதேவனின் ஆட்சியாண்டைக் குறிக்கும் கல்வெட்டுகளும் இவ்வூரில் உள்ளன; பிற்காலச் சோழர் கல்வெட்டுகளும் சபையைக் குறிக்கின்றன. ஆட்சிகள் மாறியபோதும் சபை நிலைத்தது.

சீட்டு, வேண்டியவர் எனும் சார்பை நீக்கும், திறமையைத் தராது. தகுதி விதி திறமையை நாடும், நேர்மையை உறுதிசெய்யாது. கணக்குப் பொறுப்பு அவ்விரண்டின் குறையையும் நிரப்புகிறது. இம்மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்ததும், குறை தெரிந்ததும் விதியை மாற்றிக் கல்லில் எல்லாரும் அறியப் பொறித்ததுமே உத்தரமேரூர்ச் சபையின் நிர்வாகச் சிறப்பு. மக்களாட்சிப் பெருமிதத்தை அதன்மேல் ஏற்றுவதைக் காட்டிலும், தன்னைத் தானே திருத்திக்கொண்ட நிறுவனமாக அதனை அணுகுவது வரலாற்றுக்கு நெருக்கமானது. பிற பிரமதேயச் சபைகளின் வாரிய விதிகளையும் இவ்வாறு காலவரிசையில் ஒப்பிட்டால், இத்திருத்தம் ஓர் ஊரின் தனித்தன்மையா, அக்காலத்தின் பொதுப்போக்கா என்பது தெளிவுறும்.