நொடிக்கு ஒரு கேள்வி

மாத்தளை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். அவற்றுக்குள் 545 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். இத்தனையையும் ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்ட நினைக்கும் டெவலப்பர், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் இடந்தேடும் ஏபிஐயான நொமினாட்டிமிடம் பெயர் பெயராகக் கேட்கலாம். காசில்லை. ஆனால் நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கூடாது. பட்டியல் முடிய ஒன்பது நிமிடம் பிடிக்கும். ஒரு பிளேன்டீ குடிக்கத் தாராளம்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் முப்பது வருடக் கதை இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் சார்ல்ஸ் ஸ்ட்ரோஸ் ஒரு வலைத்தேடி நிரல் எழுதினார். பிற்பாடு அறிவியல் புனைகதையில் பெயர் பெற்றவர் இவர்தான். நிரல் ஓயாமல் பக்கங்களைக் கேட்டதில் மார்ட்டின் கோஸ்டர் என்ற நிரலாளரின் சர்வர் திணறிப்போனதாக ஸ்ட்ரோஸே சொல்லியிருக்கிறார். 1994 பெப்ரவரியில் கோஸ்டர் ரோபோட்ஸ்.டெக்ஸ்ட் என்ற யோசனையை முன்வைத்தார்: எங்கே நுழையலாம், எங்கே கூடாது என்று தளக்காரர் ஒரு சிறு கோப்பில் எழுதி வைப்பார், வரும் நிரல் அதைப் படித்துவிட்டு நடக்கும். மீறினால் தண்டனை எதுவும் இல்லை. வெறும் மரியாதையாகவே ஓடிய இந்த வழக்கம் முறையான இணையத் தர ஆவணமாக வந்தது 2022இல்தான்.

2005இல் கூகுள் மேப்ஸ் வந்த சில வாரங்களிலேயே போல் ரேடமேக்கர் என்ற நிரலாளர் அதன் உள்ளமைப்பைத் துருவி, கிரெய்க்ஸ்லிஸ்ட் வீட்டு விளம்பரங்களை அந்த வரைபடத்தில் ஏற்றிவிட்டார். அனுமதி கேட்கவில்லை. கூகுள் வழக்குப் போடவில்லை. ஜூனில் ஏபிஐயைத் திறந்துவிட்டது, அவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. எல்லாருக்கும் இப்படி வாய்க்காது.

தம்புள்ளை, கலேவெலப் பக்கத்துக் குளத்து வயல்களில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று வெல்விதானை என்ற ஊர் அதிகாரி முறை வைத்துக் கொடுத்த காலம் இருந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை எடுத்துவிட்டது. இணையத்துக்கு அப்படியொரு ஆள் வந்தது 2012இல்: அளவு மீறிக் கேட்பவருக்கு சர்வர் அனுப்பும் 429 என்ற பதில் அந்த ஆண்டுதான் தரமாக்கப்பட்டது. எவ்வளவு நேரம் பொறுத்துத் திரும்பி வரலாம் என்பதையும் சர்வர் அதோடு சேர்த்துச் சொல்லலாம். அதைப் படிக்காமல் உடனே மறுபடி தட்டும் நிரல்கள் இன்றும் ஏராளம்.

விரயம் பெரும்பாலும் வேண்டுமென்று நடப்பதில்லை. தேடல் பெட்டியில் ஒருவர் ‘மாத்தளை’ என்று தட்டுகிறார். யூனிகோட் கணக்கில் இந்தச் சொல்லுக்கு ஏழு குறிகள். குறிக்கு ஒரு முறை சர்வரைக் கேட்டால் ஏழு கேள்வி, ஆறு வீண். இப்படித் தட்டத் தட்டக் கேட்பதை நொமினாட்டிம் அடியோடு தடுக்கிறது. கேட்கும் செயலி தன் பெயரைச் சொல்ல வேண்டும், கிடைத்த விடையைச் சேமித்து வைக்க வேண்டும், வரைபடத்தில் பங்களிப்பாளர்களைக் குறிப்பிட வேண்டும். நன்கொடையில் ஓடும் சர்வரிடம் இதுகூடச் செய்யாமல் வாங்குவது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

2023இல் டுவிட்டர் இலவச ஏபிஐயைச் சுருக்கியது, ரெடிட் விலை வைத்தது. அப்பலோ என்ற ரெடிட் செயலி மூடப்பட்டது. விக்கிமீடியா இன்னும் கதவைச் சாத்தவில்லை. ஆனால் தன் செலவு கூடிய போக்குவரத்தில் 65 சதவீதம் பொட்களால் வருவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது.

545 பெயர்களோடு நிற்காமல் நாடு முழுவதையும் அலச விரும்புபவருக்கு வேறு வழி இருக்கிறது. இலங்கைக்குரிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை ஜியோஃபாப்ரிக் ஒரே கோப்பாகத் தருகிறது. அதை ஒருமுறை இறக்கி நொமினாட்டிமைச் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொண்டால், நொடிக்கு எத்தனை கேள்வி என்று யாரும் எண்ணப்போவதில்லை.