யூஸ்நெட் சேவை வழங்குநரை மதிப்பிடல்

யூஸ்நெட் சேவை வழங்குநர் என்பது செய்திக்குழுக்களின் இடுகைகளைத் தன் வழங்கிகளில் சேமித்து, பயனர்கள் அவற்றைப் படிக்கவும் புதியனவற்றை இடவும் வழிசெய்யும் நிறுவனம் அல்லது அமைப்பு ஆகும். யூஸ்நெட்டுக்கு மைய வழங்கி எதுவும் இல்லை. ஒரு வழங்கியில் இடப்படும் இடுகை, பிற வழங்கிகளுக்குப் படியெடுக்கப்பட்டுப் பரவுகிறது. ஆகவே ஒரு பயனர் எந்தக் குழுக்களைக் காண்கிறார், எவ்வளவு பழைய உரையாடல்களை அடைகிறார் என்பன அவர் தேர்ந்தெடுக்கும் வழங்குநரைப் பொறுத்தே அமைகின்றன.

பின்னணி

யூஸ்நெட் 1979 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோரால் திட்டமிடப்பட்டு, 1980 இல் செயற்பாட்டுக்கு வந்தது. இதற்கான என்.என்.டி.பி நெறிமுறை 1986 இல் ஆர்.எஃப்.சி 977 ஆக வெளியானது; 2006 இல் ஆர்.எஃப்.சி 3977 அதற்கு மாற்றாக வந்தது.

தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களும், பின்னர் இணையச் சேவை நிறுவனங்களும் தத்தம் பயனர்களுக்கு இவ்வசதியைக் கட்டணமின்றி அளித்தன. இருமக் கோப்புகளின் (படம், ஒலி, மென்பொருள் முதலியன) அளவு பெருகியதால் செலவு உயர்ந்தது. அமெரிக்க நிறுவனமான ஏ.ஓ.எல் 2005 இல் இச்சேவையை நிறுத்தியது. டியூக் பல்கலைக்கழகமே 2010 இல் தன் யூஸ்நெட் வழங்கியை மூடியது. இதன் பின்னர் யூஸ்நெட் பெரும்பாலும் தனிக்கட்டண வழங்குநர்களிடமும், உரைக்குழுக்களை மட்டும் தாங்கும் சில இலவச வழங்கிகளிடமும் எஞ்சியது.

மதிப்பீட்டு அளவுகோல்கள்

இருப்புக் காலம்: ஓர் இடுகை நீக்கப்படாமல் வழங்கியில் இருக்கும் நாட்களின் எண்ணிக்கை. விளம்பரங்களில் முன்னிறுத்தப்படும் எண் பெரும்பாலும் இருமக் குழுக்களுக்கு உரியது. உரைக்குழுக்களுக்கான காலம் வேறாக இருக்கக்கூடும்.

முழுமை: குறிப்பிட்ட இடுகைகளைக் கேட்கும்போது அவற்றில் எத்தனை கிடைக்கின்றன என்னும் விகிதம். 1000 இடுகைகளைக் கேட்டு 985 கிடைத்தால் முழுமை 98.5% ஆகும். இருப்புக் காலம் நீண்டும் முழுமை குறைந்தும் உள்ள வழங்கியால் பயன் குறைவு.

முதுகெலும்பு வலையமைப்பு: பல வணிகப் பெயர்கள் ஒரே வலையமைப்பின் மறுவிற்பனையாளர்களாக உள்ளன. ஒரே முதுகெலும்பைச் சார்ந்த இரு கணக்குகளை வாங்குபவருக்கு, ஒன்றில் இல்லாத இடுகை பெரும்பாலும் மற்றதிலும் இராது.

கட்டண முறை: மாதக் கட்டணமும், குறிப்பிட்ட கிகாபைட் அளவை முன்கூட்டியே வாங்கும் தொகுதிக் கணக்கும் உள்ளன. எப்போதாவது பயன்படுத்துவோருக்குத் தொகுதிக் கணக்கு ஏற்றது. உரை மட்டும் படிப்போருக்கு எடர்னல் செப்டம்பர் போன்ற இலவச வழங்கியே போதுமானது.

பாதுகாப்பு: மறையாக்கமற்ற இணைப்பு 119 ஆம் துறையையும், டி.எல்.எஸ் மறையாக்கம் கொண்ட இணைப்பு 563 ஆம் துறையையும் வழக்கமாகப் பயன்படுத்துகின்றன. முதல் வகையில் கடவுச்சொல் வெளிப்படையாகவே செல்லக்கூடும்.

புவியியல் அமைவும் வேகமும்: ஓசூர் எடுத்துக்காட்டு

பெரிய வணிக வழங்கிகள் அமெரிக்காவிலும் நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய ஐரோப்பிய நாடுகளிலும் அமைந்துள்ளன. எனவே இந்தியப் பயனருக்குத் தொலைவே முதன்மைத் தடையாகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொழில் நகரமான ஓசூர், பெங்களூரில் இருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலேயே உள்ளது. எனினும் தொலைத்தொடர்பு உரிமப் பகுப்பில் ஓசூர் தமிழ்நாடு வட்டத்தையும் பெங்களூர் கர்நாடக வட்டத்தையும் சேர்ந்தவை. கடலடி வடங்கள் கரையேறும் சென்னை, மும்பை ஆகிய நகரங்களுள் எதன் வழியாகத் தரவு செல்லும் என்பது இணைப்பைத் தரும் நிறுவனத்தின் வலையமைப்பைப் பொறுத்தது. பெங்களூரில் பணிபுரிந்து ஓசூரில் வசிக்கும் ஒருவர், அலுவலகத்தில் கண்ட வேகத்தை வீட்டிலும் எதிர்பார்க்க இயலாது. இரு இடங்களிலும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

ஓசூரில் இருந்து ஆம்ஸ்டர்டாம் வழங்கிக்குச் சென்று திரும்பும் நேரம் 160 மில்லிநொடி எனக் கொள்வோம். விரிவாக்கப்படாத 64 கிலோபைட் டி.சி.பி சாளரத்துடன் ஓர் இணைப்பு நொடிக்குச் சுமார் 3.3 மெகாபிட் தரவையே கொணரும். வீட்டு இணைப்பு 100 மெகாபிட் திறன் உடையதாயினும் இதில் மாற்றம் இராது. 10 இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்தால் இது சுமார் 33 மெகாபிட்டாக உயரும். சாளர விரிவாக்கம் இருபுறமும் செயற்பட்டால் ஓர் இணைப்பின் வேகமும் கூடும். இதனால் தொலைவில் உள்ள பயனருக்கு, வழங்குநர் அனுமதிக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை முக்கியமான அளவுகோலாகும். உரை இடுகைகள் மிகச் சிறியவை என்பதால் அவற்றைப் படிப்போரை இது பெரிதும் பாதிப்பதில்லை.

தமிழ்ப் பயனருக்கான சிறப்புக் கூறுகள்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல் 1995, ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அக்காலத்தில் சாக்.கல்ச்சர்.தமிழ் என்னும் செய்திக்குழு, புலம்பெயர்ந்த தமிழர்கள் உரையாடும் களங்களுள் ஒன்றாக இருந்தது. தமிழ் எழுத்துருக்களுக்குப் பொதுக் குறியாக்கம் பரவாத அந்நாளில் இடுகைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட தமிழிலும் அமைந்தன. தமிழ்க் கணிமையின் தொடக்க காலத்தை ஆராய்வோருக்கு இவ்வுரையாடல்கள் மூலச் சான்றுகள் ஆகும்.

இங்கு இருப்புக் காலம் என்னும் அளவுகோல் ஏமாற்றக்கூடியது. பெரிய வணிக வழங்குநர்களின் தொடர் சேமிப்பு பொதுவாக 2008 ஆம் ஆண்டையொட்டித் தொடங்குகிறது. உரைக்குழுக்களுக்குச் சிலரிடம் அது மேலும் சில ஆண்டுகள் பின்செல்கிறது. 1990களின் தமிழ் உரையாடல்களை அடைய எவ்வளவு உயர்ந்த கட்டணமும் உதவாது. அவற்றுக்கு டெஜா நியூஸ் 1995 முதல் திரட்டிய காப்பகமே முதன்மை வழியாகும். இதனை 2001 இல் கூகுள் வாங்கியது. கூகுள் குழுக்கள் 2024, பெப்ரவரி 22 முதல் புதிய யூஸ்நெட் இடுகைகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. அதற்கு முந்தைய இடுகைகளைப் பார்க்கும் வசதி தொடர்ந்தது. எனவே பழைய இடுகைகளுக்குக் காப்பகம், புதிய இடுகைகளுக்குச் செய்தி வழங்கி என இரண்டையும் தனித்தனியே மதிப்பிட வேண்டியுள்ளது.

சோதிக்கும் முறை

கட்டணம் செலுத்தும் முன் சோதனைக் கணக்கைப் பெற்றுப் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. விரும்பும் குழுவைத் திறந்து, அதிலுள்ள மிகப் பழைய இடுகையின் தேதியைப் பார்த்தல். குழுப் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது.

2. வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்த இடுகைகளின் அடையாள எண்களைக் கொண்டு அவற்றைக் கேட்டல். அவ்வடையாளத்துடன் இடுகை இல்லையெனில் வழங்கி 430 என்னும் மறுமொழிக் குறியை அளிக்கும். இவற்றை எண்ணி முழுமையைக் கணக்கிடலாம்.

3. சோதனைக்கென உள்ள ஆல்ட்.டெஸ்ட் குழுவில் ஒருங்குறித் தமிழில் ஓர் இடுகையை இட்டு, அதனை வேறொரு வழங்குநர் வழியாகப் படித்தல். எழுத்துகள் சிதையாமல் வந்தால், குறியாக்கம், பரவல் ஆகிய இரண்டும் சரியாக உள்ளன எனக் கொள்ளலாம்.

4. மாலை நேரத்திலும் விடியற்காலையிலும் வேகத்தை அளந்து ஒப்பிடுதல். வேறுபாடு மிகுதியாயின், நெரிசல் வழங்குநரிடம் உள்ளதா, உள்ளூர் இணைப்பில் உள்ளதா என்பதை வேறொரு தளத்தில் இருந்து பதிவிறக்கிக் கண்டறியலாம்.